கண்ணாடித் தட்டில் வளரும் கன்று
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் இம்முறை அறிவியல் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். ஆகவே, பசுவின் கருவைத் தாய் வயிற்றுக்கு வெளியே ஏழு நாள் வளர்க்கும் முறையை இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இது நமக்குத் தொடர்பற்ற செய்தியன்று. 1923-ல் பெங்களூரில் தொடங்கிய பால்வள ஆராய்ச்சி நிலையம், நம்மைப் போலவே தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்து, 1955-ல் கர்னாலை அடைந்தது. அமெரிக்காவில் 1981-ல் முதல் சோதனைக்குழாய்க் கன்று பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்று 1990-ல் பிறந்ததோ இந்தக் கர்னாலிலேதான். அதற்குப் 'பிரதம்' எனப் பெயரிட்டனர்.

இம்முயற்சி எதற்காக? ஒரு பசு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். ஆனால் நல்ல சாகிவால் பசு ஒன்றின் சினைமுட்டைகளைப் பலவாக எடுத்துக் கருவாக்கி, எளிய பசுக்களின் கருப்பையில் வைத்தால், அவ்வுயரிய இனம் விரைந்து பெருகும்.

சினைப்பையிலிருந்து எடுத்த முட்டைகளை முதலில் ஒரு நாள் முதிர விடுகின்றனர். பின்னர் விந்தணுக்களோடு சேர்க்கின்றனர். கருவுற்றவற்றைச் சிறு சிறு திரவத் துளிகளில் இட்டு, துளி உலராதிருக்க மேலே எண்ணெய் மூடி, அடைகாப்புப் பெட்டியில் வைக்கின்றனர். பெட்டியின் வெப்பம் 38.5 டிகிரி, அதுவே பசுவின் உடல் வெப்பமும் ஆகும். திரவத்தின் காரத்தன்மை மாறாதிருக்க நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயு வேண்டும். பிராணவாயுவோ நாம் மூச்சிழுக்கும் காற்றில் 21 பங்கு உண்டு. கருவுக்கு 5 பங்கே நலம். ஏனெனில் தாயின் கருக்குழாயிலும் அது குறைவாகவே உள்ளது. மிகுந்தால் கருவின் உயிரணுக்கள் ஊறுபடும்.

திரவமும் இயற்கையைப் பார்த்தே அமைந்தது. செம்மறி ஆட்டின் கருக்குழாய் நீரை ஆராய்ந்து, அதில் கண்ட உப்புகளையும் சத்துகளையும் அதே அளவில் கலந்து, 1972-ல் ஒரு திரவம் வகுத்தனர். அதன் வழிவந்தவையே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன.

கரு எட்டு முதல் பதினாறு உயிரணுக்களாகப் பிரியும் கட்டமே கண்டம். அதுவரை தாய் முட்டையில் சேர்த்துவைத்த சேமிப்பை உண்டு வாழ்ந்த கரு, அப்போதுதான் தன் சொந்த மரபணுக்களால் இயங்கத் தொடங்குகிறது. சூழல் பொருந்தாவிடில் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். நூறு முட்டைகளை முதிர வைத்தால் ஏறத்தாழ முப்பதே ஏழாம் நாள் வரை தேறுகின்றன.

இங்கே ஓர் அரிய பாடம் உண்டு. கரு செழிக்கட்டும் என்று கன்றின் இரத்த நீரைத் திரவத்தில் தாராளமாகச் சேர்த்து வந்தனர். கருக்களும் விரைந்து வளர்ந்தன. ஆனால் அவ்வாறு வளர்ந்தவற்றுள் சில, அளவுக்கு மீறிப் பெருத்த கன்றுகளாயின என்பது 1990-களில் தெளிவாயிற்று. ஈனுகையில் தாய் துன்புற்றது. கன்று மடிவதும் உண்டு. ஒரே பசுவை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பா? ஏழு நாள் ஊட்டத்தின் விளைவு ஒன்பது மாதம் கழித்துத் தொழுவத்தில் தெரிந்தது. அதன் பின்னரே இரத்த நீரைக் குறைக்கவும், அதற்கு ஈடாகத் தூய புரதத்தைச் சேர்க்கவும் முனைந்தனர்.

அன்பர்களே! பிறந்த மண்ணுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் நமக்கும் இப்பாடம் பொருந்தும். இக்குடியிருப்பில் தமிழ் தானே காற்றில் வாராது. தாய்வீட்டுச் சூழலை நாமே வகுத்தாக வேண்டும். ஆனால் ஒரே ஆண்டில் இலக்கணம் முழுவதையும் புகட்டிவிட முயன்றால் குழந்தை மொழியையே வெறுக்கும். நாள்தோறும் வீட்டில் தமிழில் பேச்சு, இரவில் ஒரு கதை, வாரம் ஒரு வகுப்பு: இவை தவறாமல் கிடைத்தால் போதும். நாம் சேர்த்துத் தந்த சேமிப்பைக் கொண்டு, உரிய நாளில் அவர்களே தம் தமிழைப் பேசத் தொடங்குவர். அந்த நாள் வரை சூழலைக் காப்பதே இச்சங்கத்தின் கடமை எனக் கருதுகிறோம்.