தையல் இயந்திரம் எங்கே போனது?

(வெல்லாவெளியில் நடந்த படுவான்கரைப் பழைய மாணவிகளின் ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மண்டூர்த் துறையில் பாதையேறி, வாவியைக் கடந்து விடுதிக்குப் போய்ப் படித்தவர்கள் நாங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்று நூறு வயது. இந்தக் கரையில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கென்று நீங்கள் தந்த பணம் எங்கள் கையில் இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து அனுப்பியவர்கள் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: போன முறை கொடுத்தது என்ன ஆயிற்று?

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். போன முறை தையல் இயந்திரங்கள் கொடுத்தோம், படமும் எடுத்தோம். இரண்டு வருடம் கழித்துப் போனபோது சில வீடுகளில் தையல் நடந்தது. சில வீடுகளில் இயந்திரமே இல்லை. ஒரு தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, "அவர்ர வயலுக்குப் பசளை வாங்க வித்துட்டம் அக்கா" என்றா. எங்களுக்குக் கோபம் வந்தது. இவர்களுக்குத் தொழில் செய்யத் தெரியாது என்றுகூடச் சங்கத்தில் பேசினோம்.

அந்தப் பேச்சு பிழை என்று எங்களுக்குக் காட்டியது நம் நாட்டிலேயே நடந்த ஒரு பரிசோதனை. 2005ஆம் ஆண்டு, ஆழிப்பேரலைக்குப் பின், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோரைத் தேடிப் போனார்கள். (மட்டக்களப்பு அதில் இல்லை.) குலுக்கலில் விழுந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குப் பணம், மற்றவர்களுக்கு அவர்களே தெரிந்த பொருள். விழாதவர்களின் வருமானத்தையும் தொடர்ந்து கேட்டு எழுதினார்கள்.

குலுக்கல் எதற்கு? கெட்டிக்காரியாகப் பார்த்துக் கொடுத்தால் அவள் எப்படியும் முன்னேறியிருப்பாள். முன்னேற்றம் பணத்தாலா அவளாலா என்று பிரித்தறிய வழியில்லை.

கொடுத்த முதலுக்கு மாதம் ஏறத்தாழ 5 சதவீத இலாபம் கிடைத்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால் அது முழுக்க ஆண்களின் தொழிலில்தான். பெண்களின் தொழிலில் கூடியது ஒன்றுமில்லை. ஐந்து வருடம் கழித்தும் அதே கதை.

இதோடு விட்டிருந்தால் பெண்களுக்குக் கொடுப்பது வீண் என்றுதான் முடிந்திருக்கும். 2019இல் வேறு நால்வர் அதே கணக்கை இந்தியா, கானாக் கணக்குகளோடு சேர்த்து, வீட்டு வாரியாகப் பார்த்தார்கள். கணவனும் தொழில் செய்யும் வீடுகளில் மனைவிக்குக் கொடுத்த முதல் பெரும்பாலும் அவன் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டு வருமானம் கூடியிருந்தது. தொழில் செய்பவள் அவள் ஒருத்தியே என்ற வீடுகளிலோ அவளுடைய இலாபமும் ஆண்களுடையதுபோலவே கூடியிருந்தது.

பசளை வாங்கிய தங்கச்சியின் வயலில் என்ன விளைந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

இந்த முறை விண்ணப்பித்தவர்களின் பெயர்களை ஊரார் முன்னிலையில் குலுக்குவோம். ஏழைகளை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா என்று எங்களில் சிலருக்கு இன்னும் மனமில்லை. பணம் எப்படியும் பாதிப் பேருக்குத்தான் காணும். இதுவரை நாங்கள் தெரிந்தெடுத்தது யாரை? எங்களுக்குத் தெரிந்தவர்களை. விழாதவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து, அதுவரை இரு பகுதியினரின் வீட்டு வருமானத்தையும் எழுதிவருவோம்.

பெயர் தரும்போது உங்கள் வீட்டில் வேறு யார் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் எழுதித் தாருங்கள். விற்றாலும் சொல்லுங்கள், கோபிக்கமாட்டோம்.