நோய் போனது, வட்டியும் சூதும் போகவில்லை

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கொரோனாவைப் பற்றி இன்னுமா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். நோய் போய்விட்டது, அது திறந்துவிட்ட இரண்டு கதவுகள் இன்னும் மூடப்படவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 25-ல் தொடங்கிய ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. தராவீஹும் வீட்டில், பெருநாள் தொழுகையும் வீட்டில். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையாதே, அங்கிருந்து வெளியேறாதே என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. மனம் வலித்தது, ஆனாலும் கட்டுப்பட்டோம்.

அப்படியிருந்தும் பழி நம் மீது விழுந்தது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காட்டி, நோயைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்று தொலைக்காட்சிகள் முழங்கின. 2020 ஆகஸ்ட் 21-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. இந்தியர்கள் 70 பேர் மீதான வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததோ 2025 ஜூலையில்! பழி பரவ ஒரு நாள் போதும். அது நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, உறவினரே தொட அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் அவரவர் முறைப்படி நம் இளைஞர்கள் நல்லடக்கம் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

வணிகர் வாசலில் வட்டி

பெருநாள் வியாபாரத்தை நம்பித்தான் நம் ஜவுளிக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும் ஆண்டு முழுவதும் கடை நடத்துகிறார்கள். 2020-ல் அது போனது. 2021 மே 10 முதல் தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு. மே 14-ல் பெருநாள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அடி! கடை வாடகை நிற்கவில்லை. சரக்குக் கொடுத்தவர் காத்திருக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 31 வரை கடன் தவணைக்கு அவகாசம் கொடுத்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வட்டியை முழுவதும் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

வங்கிப் படியே ஏறாத சிறு வியாபாரியின் நிலை என்ன? அவருக்குத் தண்டல்காரர்தான் கதி. பத்தாயிரம் எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் நாள்தோறும் குறைகிறது. நூறு நாளில் சராசரியாக நம் கையில் நிற்பது 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 80 ரூபாய் வட்டி! அன்று தவிப்பில் வாங்கினார்கள். இன்று பழக்கத்தில் வாங்குகிறார்கள். இதுதான் என் கவலை.

இளைஞர் கையில் சூது

மைதானங்களும் பூட்டப்பட்டன. 2020-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் நடக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போய், 2021-ல் பார்வையாளர் இன்றி நடந்தது. ஐ.பி.எல். அரபு அமீரகத்துக்குப் போனது. அந்த ஆண்டு அந்தப் போட்டி யார் பெயரைச் சுமந்தது? பணம் கட்டி அணி அமைக்கும் ஆட்டத்தை நடத்திய ட்ரீம் 11 நிறுவனத்தின் பெயரை! மாலையில் கைப்பந்து ஆடிய பிள்ளை, வேலையும் பள்ளியும் இல்லாமல் அறைக்குள் கைபேசியோடு அடைபட்டான். ரம்மி அவனைத் தேடி வந்தது.

தமிழக அரசு 2020 நவம்பரிலேயே தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. மீண்டும் சட்டம், மீண்டும் வழக்கு. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆனால் சூது விலக்கப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்ள நாடாளுமன்றம் கூட வேண்டுமா? அந்தப் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறதே!

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று வேண்டும். நகையோ, இருவர் ஜாமீனோ பெற்று, வாரத் தவணையில் திரும்ப வாங்கலாம். கணக்கை ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் படிக்க வேண்டும். ஜகாத் பணத்தை இதில் கலக்காதீர்கள். அது உரியவருக்குச் சேர வேண்டியது. கடன் வாங்கியவரும் திருப்பிக் கட்டுவதை அமானிதமாகக் கருத வேண்டும். ஒருவர் கட்டத் தவறினால் அடுத்த ஏழைக்குக் கதவு மூடும்.

வணிகர்களே! லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, மூன்று மாத வாடகை கையிருப்பில் இருக்கும்படி செய்யுங்கள். வரவு செலவை எழுதி வையுங்கள்.

ஜமாஅத் தலைவர்களே! அஸருக்குப் பின் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் ஏற்படுத்துங்கள். நகராட்சியிடம் மனுக் கொடுத்துக் கேளுங்கள். சூதில் பணம் இழந்து நிற்கும் பிள்ளையை ஊர் முன்னே நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள்; தந்தையும் இமாமும் தனியே அழைத்துப் பேசட்டும். அவமானத்துக்கு அஞ்சியே பலர் மேலும் கடன் வாங்கி ஆடுகிறார்கள்.

இளைஞர்களே! பிணத்தைத் தூக்க அஞ்சாத தோள்கள் உங்கள் தோள்கள். இறந்தவர்களைக் கண்ணியத்தோடு அனுப்பிவைத்த நீங்கள், உயிரோடு கடனில் புதைந்து கிடப்பவர்களைத் தூக்கிவிட வாருங்கள். அதற்கு அல்லாஹ் நமக்குத் துணை நிற்பானாக!