எண்ணெய் சொல்லும் எச்சரிக்கை

அமெரிக்க நெடுஞ்சாலையொன்றில் பழைய பிக்கப் டிரக்கை ஓட்டிச் செல்லும் ஒருவர், இன்ஜின் உரக்க முழங்கிச் சுழன்றும் சக்கரங்கள் அதற்கு இணங்காமல் வண்டி தளர்ந்து நின்றுவிடுவதைக் கண்டால், கியர் பெட்டி அகஸ்மாத்தாகப் பழுதாகிவிட்டதென்றே எண்ணுவார். யந்திர நுட்பம் அறிந்தவர்களோ அதை எளிதில் ஒப்புவதில்லை; பழுதுக்கு முன்பே அதற்கொரு காரணம் இருந்திருக்கும் என்பார்கள்.

உதாரணமாக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-ஆம் ஆண்டு மாடல்களில் அறிமுகம் செய்து, பின்னர் ஷெவர்லே பிக்கப்புகள் பலவற்றிலும் பொருத்திய 700ஆர்4 என்னும் தானியங்கி கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்படுகிறது என்பதை அப்பெட்டிக்கு உணர்த்தும் கேபிள் ஒன்று அதில் உண்டு. அக்கேபிள் சரியான அளவில் இழுத்துப் பொருத்தப்படாவிட்டால், உள்ளே எண்ணெயின் அழுத்தம் குறைந்து, அது குறையவே கிளட்ச் தகடுகள் இறுகப் பற்றாமல் வழுக்கி, அவ்வுராய்வில் பிறக்கும் உஷ்ணத்தால் அவற்றின் மேற்பூச்சே கருகிப்போகிறது. பாரமான டிரெய்லரை இழுத்துச் செல்லும் வண்டியில் இவ்வனர்த்தம் இன்னும் சீக்கிரம் நேரும்.

செந்நிற எண்ணெய் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசுவதும், கியரில் இட்ட பின்னும் வண்டி தயங்கிப் புறப்படுவதும் இதன் பூர்வ லட்சணங்கள். ஆகவே, பழைய வண்டி வைத்திருப்போர் நெடும்பயணத்துக்கு முன் கியர் பெட்டியின் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெயின் அளவையும் நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நடுவழியில் நிற்பதைவிட வீட்டு வாசலில் நின்று பார்ப்பது எளிது.