குரலைத் தாண்டிக் கேட்க ஓர் ஆல்பம்

நியூயார்க்கின் இன்டர்போல் குழு 2002 ஆகஸ்டில் 'டர்ன் ஆன் த பிரைட் லைட்ஸ்' என்ற தன் முதல் ஆல்பத்தை மேட்டடார் நிறுவனம் மூலம் வெளியிட்டபோது, பாராட்டியவர்களும் குறைசொன்னவர்களும் ஒரே பெயரைத்தான் எடுத்தார்கள்: ஜாய் டிவிஷன். இன்டர்போலின் பாடகர் பால் பேங்க்ஸின் கனத்த, இறுக்கமான குரல் அந்த மான்செஸ்டர் குழுவின் பாடகர் இயன் கர்டிஸை நினைவூட்டுவது உண்மைதான். அதை மட்டும் வைத்து நகல் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. 1979இல் வந்த ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் வாத்தியங்களைத் தனித்தனியே நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டார். பல இடங்களில் பீட்டர் ஹூக்கின் பேஸ் கிட்டார்தான் மெட்டைச் சுமக்கும். இன்டர்போல் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. டேனியல் கெஸ்லர், பேங்க்ஸ் இருவரின் கிட்டார்களும் பின்னிப்பின்னிப் போக, கார்லோஸ் டெங்லரின் பேஸ் தனக்கென்று வேறொரு மெட்டைப் பிடித்து ஓடுகிறது. 'பிடிஏ' பாட்டின் பின்பகுதியைக் கவனியுங்கள். பாட்டு முடிந்துவிட்டதோ என்று நினைக்கும் இடத்தில் கிட்டார் மட்டும் மிஞ்சுகிறது. பிறகு மற்றவை வந்து சேர்ந்து, சாம் ஃபோகரினோவின் டிரம்ஸோடு மெல்ல மெல்ல ஏறுகின்றன. குரல் வெகுநேரம் கழித்தே திரும்புகிறது. திரும்பினாலும் வாத்தியங்களை மீறி முன்னால் வருவதில்லை. பாடகர் ஒதுங்கி நிற்கும் இந்த இடத்தைத்தான் ஆல்பத்தின் உச்சம் என்பேன்.

பாடல் வரிகள் புரியவில்லை என்பது இன்னொரு குறை. சில வரிகள் வெறும் சொல்லடுக்கு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடக்கப் பாட்டுக்கு வைத்த பெயரே 'அன்டைட்டில்ட்'. அதில் வரிகள் மிகக் குறைவு, எதிரொலிக்கும் கிட்டாரும் பேஸுமே மனநிலையை உண்டாக்கிவிடுகின்றன. அர்த்தத்தைச் சொற்களில் மட்டும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேறு சிலரோ இந்த ஆல்பத்தின் சோகத்தை 2001 செப்டம்பரில் நியூயார்க் மீது நடந்த தாக்குதலின் நிழல் என்கிறார்கள். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில், பீட்டர் காட்டிஸின் ஸ்டுடியோவில் அந்த நவம்பரில் ஒலிப்பதிவு நடந்ததால் அப்படித் தோன்றுவது இயல்பே. கேட்டவர்களின் துயரத்துக்கு அது துணையாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. என்றாலும் 'பிடிஏ', 'ரோலண்ட்' இரண்டும் 2000ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் வெளியிட்ட சிறு இசைத்தட்டில் வந்துவிட்டவை. தாக்குதலுக்கு முன்பே இந்தக் குழு தன் இருளைக் கண்டெடுத்திருந்தது. அதை உண்டாக்கியவை இந்த வாத்தியங்கள்தான்.