காக்கியும் எழுதுகோலும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் தூர்கட்டிக் கதிர் முற்றும். பெண்மக்களை நாற்றங்காலிலேயே நிறுத்திவைத்த காலத்தில், தருமபுரி மாவட்டச் சிற்றூரொன்றில் பிறந்த திலகவதி, வேலூரிலும் சென்னையிலும் பயின்று, 1976இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். தமிழகத்திலிருந்து அப்பணிக்குத் தேர்வான முதற்பெண் அவரே. 30 ஆண்டுகளுக்கு மேல் காக்கியுடுத்து, காவல்துறைத் தலைமை இயக்குநர் நிலையில் ஓய்வுபெற்றார்.

அதிகாரம் கையிலிருந்தும் அவர் நெஞ்சு இறுகவில்லை. கட்டடத் தொழிலாளர் துயரைச் சொல்லும் அவருடைய ‘கல்மரம்’ புதினம், அவர் பணியிலிருந்தபோதே, 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

கொல்லாமை போற்றும் இல்லங்களில், காவற்பணி ஆகாது என்று மகளைத் தடுப்போர் உண்டு. இரக்கமுடையோர் விலகி நின்றால், அக்கோல் எவர் கைக்குப் போகும்? பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாற்று வயலுக்குப் போகட்டும்.