திருப்பி வைத்த சீட்டு

2012-ஆம் ஆண்டில் இலண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் ஃபில் ஐவி என்னும் அமெரிக்கர் சீட்டாடி, ஏறத்தாழ 77 இலட்சம் பவுன் வென்றார். சீட்டுகளின் முதுகிலிருந்த கோலம் இரு விளிம்பிலும் ஒத்திராததை அவர் கண்டறிந்திருந்தார். ஆனால், எல்லாச் சீட்டுகளும் ஒரே பக்கமாக அடுக்கப்பட்டிருந்தால் அவ்வேற்றுமையால் பயனில்லை. ஆகவே அவரும் தோழியும் ராசியென்று சாக்குச் சொல்லி, நல்ல சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்குமாறு விடுதிப் பணியாளரையே வேண்டினர். சூது அறியாத பணியாளர் இசைந்தார்.

பந்தயப் பணத்தைத் திருப்பித் தந்த விடுதி, வென்ற பணத்தைத் தர மறுத்தது. (தோற்றவரிடம் அது இத்தனை ஆராய்ச்சி செய்வதில்லை!) ஐவி வழக்குத் தொடுத்தார். தாம் ஏமாற்றவில்லையென அவர் மெய்யாகவே நம்பினார் என்பதை விசாரித்த நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அது ஏமாற்றே என 2017-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கண் கூர்மையாயிருந்தது குற்றமெனக் கொள்ளப்படவில்லை. பிறர் கையைக் கருவியாக்கிச் சீட்டைத் திருப்பியதே அவரைத் தோற்கச் செய்தது. எனக்கும் அத்தீர்ப்பு சரியெனவே படுகிறது.