டீ வடிகட்டியும் நிக்கல் தொட்டியும்

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசப் போறதில்லை. எங்க மாமாவோட பிளேட்டிங் பட்டறையில நான் பல்பு வாங்கின கதைதான்.

மாமா கோயம்புத்தூர்ல பித்தளைக் குழாய் பாகங்களுக்கு நிக்கல் பூசுறார். போன வருஷம் நான் லீவுல போயிருந்தப்போ ஒரு சிக்கல். பாகத்தோட வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு, மரையும் குழியும் மட்டும் கறுத்து வருது. ஆர்டர் கொடுத்தவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டார்.

"தொட்டியக் கொட்டிட்டுப் புதுசா போட்டுடலாம் மாப்ள"ன்னார் மாமா. 500 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 250 கிராம்னு வெச்சா, நிக்கல் சல்ஃபேட் மட்டுமே 125 கிலோ. பணம் ஒரு பக்கம். நிக்கல் உப்பு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, சாக்கடையில விடவே கூடாது.

நான் என்ஜினியர் ஆச்சே! "ஃபில்டர ராத்திரி முழுக்க ஓட விடுங்க மாமா, சரியாகிடும்"னேன். காலையில வந்த முதல் பாகமும் அதே கறுப்பு.

அங்க ரொம்ப வருஷமா வேலை பாக்குற அண்ணன் சிரிச்சார். "தம்பி, டீ வடிகட்டியில தூள் நிக்கும், சர்க்கரை நிக்குமா?"

அதான் விஷயம். 5 மைக்ரான் ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும். அது ஓடலேன்னா பூச்சு சொரசொரன்னு வரும். ஆனா கரைஞ்ச அழுக்கு தாண்டிப் போயிடும். அதுல ரெண்டு வகை. எண்ணெய், சிதைஞ்ச பிரைட்னர் மாதிரி கரிமப் பொருளுக்கு ஆக்டிவேட்டட் கார்பன்: லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் போட்டுக் கலக்கி, அடங்கவிட்டு, கரித்தூள் மிஞ்சாம வடிகட்டணும். நல்ல பிரைட்னரும் கூடவே போயிடும், மறுபடி சேர்க்கணும்.

கரைஞ்ச செம்பு, துத்தநாகத்துக்கு கார்பன் உதவாது. அதுக்கு 'டம்மி' ஓட்டணும். நெளிவு நெளிவா வளைச்ச தகட்டைத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியர் மட்டும் கொடுப்பாங்க. கரன்ட் குறைஞ்ச இடத்துல அந்த அழுக்கு உலோகம்தான் அதிகமா படியும். எங்க பாகத்துல குழி மட்டும் கறுத்ததுக்கும் இதேதான் காரணம்!

தொட்டி அடியில துழாவினா, கொக்கியிலிருந்து நழுவின பித்தளைத் துண்டு 11 கிடைச்சுது. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுட்டு இருந்திருக்கு. எடுத்துட்டு, ரெண்டு நாள் டம்மி ஓட்டினோம். தகட்டோட பள்ளத்துல கறுப்பு போய் நிக்கல் நிறம் வந்துச்சு. தொட்டி தப்பிச்சுது. அந்த கஸ்டமர் மட்டும் திரும்ப வரல.

இப்போ தொட்டிப் பக்கத்துல ஒரு நோட்டு தொங்குது: பி.எச்., வெப்பநிலை, டம்மி ஓடின நேரம், இன்னிக்கு உள்ள விழுந்தது எத்தனை, வெளிய எடுத்தது எத்தனை. அந்தக் கடைசி ரெண்டு எண்ணும் ஒத்துப்போகாம மாமா பட்டறையைப் பூட்டுறதில்லை.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.